நாய்கள் இரண்டையும் கூட்டிக்கொண்டு ஹட்டன் பக்கம் ட்ரெய்லரில் போகிறோம், இரவில் எங்கே நிறுத்தலாம்?

கண்டிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து எழுதுகிறேன். மச்சான் ஒரு சின்ன ட்ரெய்லர் வீடு செய்து வைத்திருக்கிறார். பன்னிரண்டு அடி நீளம், உள்ளே ஒரு கட்டில், மடக்கு மேசை, கேஸ் அடுப்பு, பின்பக்கம் தண்ணீர்த் தாங்கி, அவ்வளவுதான். மார்ச் மாதத்தில் ஒரு சனி ஞாயிறுக்கு எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். என் டபுள் கேபில் கொழுவி இழுத்துக்கொண்டு மனைவி, மகள், நான், நாய்கள் இரண்டு என்று போக யோசனை.

நாய்களை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னால் மகள் வரமாட்டாள். எனக்கும் மனம் வராது. ராணி லேப்ரடோர், பத்து வயது, பின்னங்கால்கள் இரண்டும் பலவீனம். ஜிம்மி ஊர் நாய், ஒன்றரை வயது, அசைகிற எதையும் துரத்துவான்.

வெள்ளி மத்தியானம் புறப்பட்டு நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன். அன்றிரவு காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் நிறுத்துவது. சனிக்கிழமை மெதுவாகத் தலவாக்கலை, நானுஓயா தாண்டிப் பட்டிப்பொல. ஞாயிறு விடியற்காலை ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்து மலைவிளிம்பைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது.

இது நடக்கிற காரியமா? நாய்களை ட்ரெய்லருக்குள் விட்டு ஓட்டலாமா? கரையில் நிறுத்த யாரிடமாவது கேட்க வேண்டுமா? அட்டைக்கு நாய்க்கு என்ன பூசுவது? அப்புறம், அந்தப் பக்கம் சிறுத்தை இருக்கிறது என்கிறார்கள். நாய்களை இரவில் ட்ரெய்லருக்கு வெளியே கட்டிப்போட்டால் பரவாயில்லையா?

பண்டாரவளை மிருக வைத்தியர்

ஹோர்ட்டன் சமவெளியை இப்போதே திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 1988இலிருந்து அது தேசிய பூங்கா. நாயோடு உள்ளே போக முடியாது, வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அது சரியான சட்டம்தான். வீட்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் என்கிற தொற்றுநோயும் விசர் நோயும் காட்டு மிருகங்களுக்குப் போகும். சமவெளியில் மேய்கிற மரைகளைக் கண்டால் உங்கள் ஜிம்மி என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும்.

நாய்களை ட்ரெய்லரில் பூட்டி வைத்துவிட்டு நாங்கள் மட்டும் நடந்து வருகிறோம் என்று நினைக்க வேண்டாம். உலக முடிவு சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவில் வரும், குறைந்தது மூன்று மணித்தியாலம் எடுக்கும். விடியற்காலையில் விரல் விறைக்கிற குளிர் இருந்தாலும், வெயில் ஏறினால் மூடிய தகரப் பெட்டி சீக்கிரம் சூடாகிவிடும். வயதான லேப்ரடோருக்கு அது உயிராபத்து.

போவதற்கு மூன்று வாரத்துக்கு முன்னாவது உங்கள் வைத்தியரிடம் இரண்டையும் காட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி ஒரு வருடத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும், அந்தத் தடுப்பூசிப் பதிவு அட்டையையும் கொண்டு போங்கள். எலிக்காய்ச்சலுக்கும் ஊசி இருக்கிறது, ஓடைத் தண்ணீரில் வாய் வைக்கிற நாய்க்கு அது அவசியம். உண்ணி மருந்தையும் அன்றே கேளுங்கள். உண்ணிக்காய்ச்சல் உடனே தெரியாது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்து நாய் சாப்பிடாமல் படுக்கும், ஈறு வெளுக்கும். அப்போது இந்தப் பயணத்தை வைத்தியரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

ராணிக்குக் குளிரில் மூட்டு வலி கூடும். அதற்கான மாத்திரையை அவளுடைய எடைக்கு எழுதி வாங்குங்கள். மனிதர் போடுகிற வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. சனி ஞாயிறில் அரச மிருக வைத்திய அலுவலகங்கள் மூடியிருக்கும். ஆகவே வார இறுதியில் நாய் பார்க்கிற தனியார் வைத்தியர் ஒருவரின் நம்பரைப் புறப்படும் முன்பே விசாரித்துக் கையில் வைத்திருங்கள். பெரிய சிக்கல் என்றால் பேராதனை மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரி, அது உங்கள் வீட்டு வழிதான்.

கினிகத்தேனை கராஜ் பாஸ்

தம்பி, நாய்கள் கேபின் பின் சீட்டில் வரட்டும், மார்புப் பட்டி போட்டு சீட் பெல்ட்டில் கொழுவி. ஓடுகிற ட்ரெய்லருக்குள் மனிதரும் இருக்கக் கூடாது, நாயும் இருக்கக் கூடாது. வளைவில் முன்னால் போகிற உங்களுக்கு ஒன்றும் தெரியாது, பின்னால் அது ஆடுகிற ஆட்டத்தில் ஒரு பானை விழுந்தாலே நாய் மிரண்டுவிடும். வளைவுப் பாதையில் நாய்க்கும் வாந்தி வரும். புறப்படுவதற்கு மூன்று நாலு மணித்தியாலத்துக்கு முன்பு கொஞ்சமாகச் சோறு, பிறகு தண்ணீர் மட்டும்.

மத்தியானம் புறப்படாதீர்கள், காலையிலேயே புறப்படுங்கள். மார்ச்சில் எங்கள் பக்கம் பின்னேரம் ஆனால் இடிமழை கொட்டும். வட்டவளை இலங்கையிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்று. மழையும் மூடுபனியும் ஒன்றாக இறங்குகிற நேரத்தில், புதுக் கை ஒருவர் ட்ரெய்லரோடு அந்த ஏற்றத்தில் நிற்கக் கூடாது.

தண்ணீர்த் தாங்கி பின்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நிரப்பிக்கொண்டு வராதீர்கள். அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும், நிறுத்துவது கஷ்டம். கொழுக்கியில் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது அழுத்த வேண்டும். கேஸ் சிலிண்டர், அரிசி, நாய்ச் சாமான் எல்லாம் அச்சுக்கு மேலேயோ முன்னாலேயோ இருக்கட்டும். தண்ணீரை ஹட்டனில் நிரப்பலாம். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொழுக்கிக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்குங்கள். கருகின வாசம் வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி அரை மணித்தியாலம் ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது. நிறுத்தின இடத்தில் சக்கரம் இரண்டுக்கும் மரக்கட்டை அடை கொடுத்த பிறகுதான் கொழுக்கியைக் கழற்ற வேண்டும். பஸ் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தால் ரோஷப்படாமல் வழிவிடுங்கள், அவர்களுக்கு நேரக் கணக்கு இருக்கிறது.

நோர்வூட் டீச்சர்

தம்பி, நான் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அங்கே வாச்சராக இருந்தார். படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில்தான் வீடு, நாய்கள் மூன்று வளர்க்கிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விதான் முதலில் பதில் சொல்ல வேண்டியது. நாயை வெளியே கட்டாதீர்கள். ட்ரெய்லருக்கு அடியில் கட்டாதீர்கள். முன்னால் துணிக்கூடாரம் இருந்தால் அதற்குள்ளும் வேண்டாம்.

எங்கள் பக்கம் சிறுத்தை தேயிலைக்குள்ளேயே படுக்கும். கொழுந்து எடுக்கப் போன பெண்கள் செடிக்கடியில் குட்டிகளைக் கண்டு நிரையை விட்டு இறங்கி ஓடின கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. ஆளைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். நாயை விடாது. கட்டிப்போட்ட நாய் ஓடவும் முடியாது, குரைத்துத் தான் இருக்கிற இடத்தையும் காட்டிவிடும். எங்கள் பின் லயத்து அண்ணன் ஒருவர் தன் நாயைக் கோழிக்கூட்டு ஓரம் இரும்புச் சங்கிலியில் கட்டியிருந்தார். விடிந்து போய்ப் பார்த்தோம். சங்கிலி முனையில் கழுத்துப்பட்டி பூட்டினபடியே கிடந்தது. ஈர மண்ணில் இழுத்துப் போன தடம் வடிகானைத் தாண்டித் தேயிலைக்குள் போயிருந்தது. பக்கத்து வீட்டில் யாருக்கும் ஒரு சத்தம் கேட்கவில்லை.

ஆகவே ஆறு மணிக்கு இரண்டும் உள்ளே போக வேண்டும், நன்றாக வெளிச்சம் வரும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். நுளம்பு வலையைக் கதவு என்று நம்பாதீர்கள், கெட்டிக் கதவைத் தாழ் போடுங்கள். இரவில் ஒன்றுக்கு இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் நல்ல டோர்ச்சோடு, குட்டைக் கயிற்றில், படிக்குப் பக்கத்திலேயே. மகளை அனுப்பாதீர்கள். கோழி எலும்பு, சோற்றுப் பானை, நாய்த் தட்டு எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. அந்த வாசத்துக்குப் பன்றி வரும். பன்றியை ஜிம்மி துரத்தினால் கிழிபடுவது அவன்தான்.

பகலில் எனக்குப் பயம் சிறுத்தையைவிடக் கம்பிக்குத்தான். பன்றிக்கென்று மரக்கறித் தோட்ட ஓரத்திலும் காட்டு விளிம்பிலும் சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள். சட்டப்படி குற்றம், ஆனாலும் கட்டுகிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு கம்பியில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டியது. உடவளவை வரை கொண்டுபோய்ப் பார்த்தும் பிழைக்கவில்லை. அதை நாடே பேசியது. மாட்டுகிற நாய்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இழுக்க இழுக்க அந்தக் கம்பி இறுகும், நாய் பயத்தில் இன்னும் இழுக்கும். ஜிம்மியை ஒரு நிமிடம்கூடக் கயிறில்லாமல் விடாதீர்கள். கம்பி வெட்டுகிற குறடு ஒன்றைப் பையில் போட்டு வாருங்கள். மாட்டினால் முதலில் நாயின் தலையைத் துணியால் மூடி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர் வெட்ட வேண்டும். வலியில் நம் நாயே நம்மைக் கடிக்கும்.

குளவியையும் சொல்லிவிடுகிறேன். மலையில் வேலை செய்கிற எங்கள் சனத்துக்குச் சிறுத்தையைவிடக் குளவிதான் பெரிய எதிரி, கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற செய்தி ஓயாது. மரக்கிளையையும் கற்பாறை இடுக்கையும் அண்ணாந்து பார்த்துவிட்டு நிறுத்துங்கள். கூடு தெரிந்தால் அங்கே வேண்டாம். மரத்தடியில் நெருப்புப் போட்டுப் புகை எழுப்பாதீர்கள். கலைந்துவிட்டால் சாமானைப் பார்க்காமல் நாய்களோடு உள்ளே ஏறிக் கதவைச் சாத்துங்கள்.

அட்டைக்கு நாய்மீது மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர் எதுவும் பூச வேண்டாம், நக்கிவிடும். நடந்து வந்ததும் படியில் உட்கார வைத்து விரலிடுக்கு, காதுக்குள், ஈறு, வாலடி எல்லாம் பாருங்கள். நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்ல நெம்பினால் கழன்றுவிடும். பிறகும் கொஞ்ச நேரம் இரத்தம் வடியும், சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். ஓடையில் குடிக்க விடாதீர்கள், மூக்குக்குள் ஏறுகிற அட்டையும் இருக்கிறது. ஊருக்குப் போன பிறகு நாய் ஓயாமல் தும்மி, ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வந்தால் அதுதான் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். தேயிலை ஓரத்துப் புல்லையும் தின்ன விடக்கூடாது. எந்த மலைக்கு எப்போது புல்லுக்கு மருந்து அடித்தார்கள் என்று வெளியாளுக்குத் தெரியாது.

சரி, எங்கே நிறுத்துவது? கரை வேண்டாம். மார்ச்சில் தண்ணீர் வற்றிக் காசல்ரீ ஓரம் அகலமாக, காய்ந்த தரைபோலத் தெரியும். மேலே ஓடுதான் காய்ந்திருக்கும், கீழே சேறு. ட்ரெய்லர் சக்கரம் புதைந்தால் ட்ராக்டர் தேட வேண்டும். அதோடு அது யாரும் போய்த் தங்கிவிடக்கூடிய வெறும் நிலமல்ல. தோட்டத்து பங்களா வளவு, அல்லது சுற்றுலாவுக்கு விடுகிற பழைய பங்களா ஏதாவது பாருங்கள். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கம் அப்படி இடங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே பேசி, நாய் வரலாமா, கேட் எத்தனை அடி, ட்ரெய்லர் திருப்ப இடமிருக்கிறதா என்று கேளுங்கள். தோட்ட நிலம் என்றால் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதியைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். காவல்காரர் வந்து கேட்டால் காட்ட வேண்டும், அது அவருடைய வேலை.

இரண்டு இரவும் ஒரே இடத்தில் இருங்கள். ராணிக்கும் அதுதான் நல்லது. போயா (பௌர்ணமி விடுமுறை) வருகிற சனி ஞாயிறைத் தவிருங்கள். சிவனொளிபாதமலைக்கு வெசாக் வரை யாத்திரை சீசன், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரை பஸ்களுக்கு நடுவில் ட்ரெய்லரோடு நீங்கள் படாத பாடு படுவீர்கள்.

சனிக்கிழமையும் தோட்டத்தில் வேலை நடக்கும். விடியப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போகிற பெண்கள் உங்கள் ட்ரெய்லரைத் தாண்டித்தான் போவார்கள். அவர்களில் பலர் நாய்க்கடி வாங்கி ஊசிக்கு அலைந்தவர்கள். அந்த நேரத்தில் நாய்களைக் கையில் பிடித்தபடி ஓரமாக நில்லுங்கள். வணக்கம் சொல்லுங்கள். எந்தக் குறுக்குப் பாதையில் நடக்கலாம், எங்கே கம்பி கட்டுவார்கள் என்று அவர்களைவிட நன்றாகச் சொல்ல யாராலும் முடியாது.

கொஸ்லந்தைப் பெடியன்

ஒன்று மட்டும். மழை பெய்தால் மண்மேட்டுக்கு அடியில் நிறுத்தாதீர்கள், எவ்வளவு சமமாக இருந்தாலும். 2014 ஒக்டோபர் 29 காலையில் எங்கள் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அதற்குப் பிறகு மண்ணைப் பார்க்காமல் நாங்கள் எங்கும் படுப்பதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கை போடும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மஞ்சள் என்றாலே பயணத்தைத் தள்ளி வையுங்கள், ட்ரெய்லரை அவசரத்தில் இழுத்துக்கொண்டு வெளியேற முடியாது. அங்கே இருக்கும்போது நிலத்தில் புது வெடிப்போ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கலாக வருவதோ தெரிந்தால் ட்ரெய்லரை விட்டுவிட்டு ஆட்களும் நாய்களும் கிளம்புங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

கண்டிக்காரன்

எல்லோருக்கும் மிகவும் நன்றி. மனைவியும் வாசித்தார். உலக முடிவை விட்டுவிட்டோம். போயா இல்லாத கிழமையாகப் பார்த்து, வெள்ளி காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, டிக்கோயா பக்கம் ஒரு பங்களா வளவில் இரண்டு இரவும் தங்குவது என்று முடிவு. பேசிவிட்டேன். நாய் வரலாம் என்கிறார்கள், கேட் பத்தடி.

டீச்சர், ஒரு சிக்கல். ட்ரெய்லர் கதவு நிலத்திலிருந்து இரண்டடி உயரம். ராணி முப்பத்தைந்து கிலோ. தூக்கினால் இடுப்பு வலியில் உறுமுகிறாள். அவளை மட்டும் கேபின் சீட்டில் படுக்க வைக்கலாமா? குளிருக்கு உள்ளே ஒரு கரிச்சட்டி வைத்தால் சூடாக இருக்குமென்று மச்சான் சொல்கிறார், அதுவும் சரியா?

நோர்வூட் டீச்சர்

கரிச்சட்டியை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம் தம்பி. மூடின அறையில் கரிப்புகை ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். வாசம் வராது, இருமல் வராது. கேஸ் அடுப்பையும் குளிர் காய எரிக்காதீர்கள், சமைக்கும்போதுகூட ஜன்னல் திறந்திருக்கட்டும். டிக்கோயா நுவரெலியா அளவுக்குக் குளிராது. ராணிக்கு வேண்டியது அடியிலிருந்து குளிர் ஏறாமல் இருப்பது. தரையில் ரப்பர் விரிப்பு, அதன் மேல் இரண்டு மடிப்புச் சாக்கு, அதன் மேல் பழைய கம்பளி. நனைந்து வந்தால் முதலில் வயிற்றையும் பாதத்தையும் துடையுங்கள். ஈர நாய்கள் இரண்டும் நீங்கள் மூன்று பேரும் மூச்சு விட்டால் விடியும்போது சுவரில் தண்ணீர் வழியும், அதனால் மேல் ஜன்னலில் இரண்டு விரல் அளவு திறப்பு இருக்கட்டும்.

கேபினில் தனியாகப் போட வேண்டாம். புது இடத்தில் உங்களைக் காணாமல் இரவெல்லாம் அழுவாள். ஒரு பலகை செய்யுங்கள். இரண்டடி உயரத்துக்கு ஆறடிக்குக் குறையாத பலகை, எட்டடி கிடைத்தால் இன்னும் நல்லது. அகலம் ஒன்றரை அடியாவது வேண்டும், ஒடுக்கமாக இருந்தால் பயந்து நடுவில் குதிப்பாள். மேலே சாக்கை இழுத்து ஆணி அடித்து, ஒரு சாணுக்கு ஒரு சட்டமாகக் குறுக்கே வையுங்கள், ஆணித்தலை வெளியே நிற்கக் கூடாது. மேல் முனையில் இரண்டு கொக்கி போட்டுக் கதவு நிலையில் மாட்டினால் வழுக்காது. எங்கள் கிழட்டு நாய்க்கு அப்படித்தான் வாசலில் வைத்திருக்கிறேன், அவனுக்குப் பதினொரு வயது.

ஆனால் அதை டிக்கோயாவுக்கு வந்து முதன்முதலாகக் காட்டினால் ஏறமாட்டாள். இன்றைக்கே உங்கள் வீட்டில் பலகையைத் தரையில் சமமாகப் போட்டு அதன்மேல் சோறு வையுங்கள். மூன்று நாலு நாள் போகட்டும். பிறகு ஒரு முனைக்கு அடியில் ஒரு கல், பிறகு இரண்டு கல். மச்சானிடமிருந்து ட்ரெய்லரை ஒரு வாரம் முன்பே வாங்கி முற்றத்தில் நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது, இரண்டும் அதற்குள் ஒரு இரவு படுத்துப் பழகட்டும். இறங்கும்போதுதான் கால் மடங்கும், அப்போது வயிற்றுக்கடியில் ஒரு துவாயைக் கொடுத்து மகள் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள்.